எந்த மானைச் சுடுவது, எதை வளர விடுவது?

துப்பாக்கி பிடிப்பது எப்படி, எந்தச் சட்டை போடுவது, எங்கே உட்காருவது என்றெல்லாம் புதிதாக மான் வேட்டைக்குப் போகிறவருக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். மான் வந்து எதிரே நின்ற பிறகு, இதைச் சுடலாமா வேண்டாமா என்பதை மட்டும் யாரும் பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை. என்னைக் கேட்டால், அந்த முடிவில் முக்கால்வாசியைக் காட்டுக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிடலாம். மீதிக்கு மானின் உடம்பைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். இங்குள்ள வெள்ளைவால் மானை வைத்துத்தான் எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். எனவே ஊரில் இருக்கும் மச்சானுக்கு இதை அனுப்பி ஆசை காட்ட வேண்டாம்.

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. 1906 முதல் மிச்சிகன் போன்ற வெளி மாநிலங்களிலிருந்து மான் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் கொம்பில்லாத மானைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்தது. இனம் பெருக வேண்டிய காலத்தில் அது சரியான சட்டம். ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத காட்டில் மான் பெருகித் தள்ளியது. ஆனால் 'கொம்புள்ளதைச் சுடு, பெட்டையை விடு' என்ற பழக்கம் மட்டும் தாத்தா, அப்பா, பேரன் என்று இறங்கி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பலன் என்ன? பெட்டைகள் ஏராளம். கிடாக்களோ முதல் கொம்பு முளைத்த ஒன்றரை வயதிலேயே சுடப்பட்டுவிடும். 2002-இல் மாநிலக் கேம் கமிஷன் (வேட்டையைக் கவனிக்கும் அரசு அமைப்பு) கொம்பின் கிளைகளை எண்ணித்தான் சுட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது இதை மாற்றத்தான்.

கறிக்காகப் போகும் புதியவர் இந்தப் பழைய பழக்கத்தை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்: வளர்ந்த பெட்டையை எடு, இளம் கிடாவை விடு. ஏன், எப்போது, எந்த விதிவிலக்கோடு என்பதுதான் இனி.

முதலில் காகிதம்

பொது வேட்டை உரிமத்தோடு கொம்புள்ள மான் ஒன்றுக்கான சீட்டு வரும். ஆண்டுக்கு ஒன்றுதான். கொம்பில்லாத மானுக்குத் தனி உரிமம் வேண்டும். அது நீங்கள் போகப்போகும் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிக்கு மட்டுமே செல்லும். வேறு பகுதியில் அது வெறும் காகிதம். கோடையிலேயே விற்பனை தொடங்கிவிடும், சில பகுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தால் கையில் கிடா சீட்டு மட்டும்தான் இருக்கும். அப்புறம் முன்னால் பெட்டையாக வந்து நிற்கும்போது வேடிக்கைதான் பார்க்க வேண்டும். முதல் முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கும் முன் இதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். மான்கறிக்காக விசாவைப் பணயம் வைக்க முடியாது.

சட்டத்தின் கண்ணில் எது கிடா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு கொம்புகளும் 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அது கொம்பில்லாத மான் கணக்கு. கொம்புள்ள மானுக்கு மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கத்திலாவது 3 கிளைகள் வேண்டும். மேற்குப் பகுதிகள் சிலவற்றில் புருவத்துக்கு மேல் முளைக்கும் முதல் கிளை அந்த மூன்றில் சேராது. 1 அங்குலமாவது நீளம் இருந்தால்தான் அது கிளை. எண்ண முடியவில்லை என்றால் சுடக்கூடாது. இதில் பேரமே இல்லை.

அடுத்து ஃப்ரீசர்

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கறி வேண்டும்? இதைக் கேட்காமல் போகிறவர்தான் கடைசி நாளில் எது வந்தாலும் சுடுகிறார். இந்தப் பக்கத்து வளர்ந்த பெட்டை உயிரோடு 55 முதல் 65 கிலோ இருக்கும். குடல் எடுத்த பிறகு அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். எலும்பு நீக்கி, குண்டு பாய்ந்த இடத்தை வெட்டி எறிந்து, சவ்வும் கொழுப்பும் கழித்தால் கையில் 20 கிலோவை ஒட்டிக் கறி நிற்கும். ஆறு மாதக் குட்டியில் இதில் பாதிதான் தேறும். ஒன்றரை வயதுக் கிடா ஏறக்குறைய பெட்டை அளவுதான் இருக்கும். ஆக, கறிக் கணக்கில் இளம் கிடா உங்களுக்குக் கூடுதலாக எதையும் தருவதில்லை. அதையே மூன்று வருடம் விட்டால் நிற்கும் நிலை வேறு.

சுவை? பெட்டைக் கறியும் இளம் மானின் கறியும் மென்மை. நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்களில் பெரிய கிடா சாப்பாட்டை மறந்து பெட்டை பின்னால் ஓடி உடம்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். கறி கொத்துக்கறிக்கும் குக்கருக்கும்தான் ஆகும். ஆனால் 'வாடை அடிக்கிறது' என்று சொல்லப்படும் மான்கறியில் பெரும்பகுதி மானின் குற்றமில்லை. குடல் எடுக்கத் தாமதித்ததும், வெயிலில் ஜீப்பின் மேல் போட்டு ஊர்வலம் போனதும்தான் காரணம்.

காட்டைப் படியுங்கள்

எத்தனை எடுக்கலாம் என்பதை மானிடம் கேட்பதைவிடச் செடிகளிடம் கேட்பது நல்லது. மான் எட்டும் உயரம் வரை, சுமார் 5 அடி, இலையே இல்லாமல் மொட்டையாகி, அதற்கு மேல் பச்சை தொடங்குகிறதா? ஓக் மரங்கள் நிறைய இருந்தும் ஓக் கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையா? தரை முழுவதும் மான் தொடாத பெரணிச் செடி மட்டும் மண்டிக்கிடக்கிறதா? இப்படி இருந்தால் அந்த நிலம் தாங்கக்கூடியதைவிட மான் அதிகம். அங்கே பெட்டையை விட்டுவைப்பது இரக்கமாகத் தெரியலாம். பிப்ரவரிப் பனியில் அது பட்டினியாக முடியும். பென்சில்வேனியாவின் பல காடுகளில் வேலி போட்டு மானைத் தடுத்தால்தான் மரக்கன்று எழுகிறது என்ற நிலை.

மாறாக, கன்றுகள் நன்றாக எழுந்து, புதரும் அடர்ந்து, நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒன்றிரண்டு மான்தான் கண்ணில் படுகிறது என்றால் பெட்டைகளிலும் கை அடக்கம் வேண்டும். ஒரு நல்ல பெட்டை ஆண்டுக்கு இரட்டைக் குட்டி ஈனும். ஒன்றை எடுத்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் மூன்று குறைகிறது.

வயதான பெட்டை மலடாகிவிடும், அதை முதலில் கழிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். பத்து வயதுக்கு மேலும் குட்டி போடும் பெட்டைகள் உண்டு. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடலாமா என்ற சங்கடமும் புதியவர்கள் எல்லோருக்கும் வரும், வர வேண்டியதுதான். மே கடைசியிலும் ஜூனிலும் பிறந்த குட்டி நவம்பர் கடைசியில் ஆறு மாதத்தைத் தொட்டிருக்கும். பால்குடி எப்போதோ மறந்திருக்கும், தாயில்லாமல் பிழைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு சுவாரசியம்: தாயை இழந்த கிடாக் குட்டி, பிறந்த இடத்தைவிட்டு ஓடிப்போவது குறைவு என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காரணம் கீழே வருகிறது.

பெட்டையா, 'பட்டன் பக்'கா

கொம்பில்லாத மான்கள் எல்லாம் பெட்டை அல்ல. ஆறு மாதக் கிடாக் குட்டியின் நெற்றியில் கொம்பு வரவேண்டிய இடத்தில் ரோமத்துக்குள் இரண்டு குமிழ்கள் இருக்கும். இங்கே அதை 'பட்டன் பக்' என்பார்கள். கொம்பில்லா மான் சீட்டில் அதைச் சுடுவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் 10 கிலோ கறிக்காக நாளைய பெரிய கிடாவைக் கழிக்கிறீர்கள், பெட்டை எண்ணிக்கையும் குறையவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

பிரித்தறிய நான் பார்க்கும் வரிசை இது. முதலில் முகம். வளர்ந்த பெட்டையின் முகம் நீளம், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே நல்ல இடைவெளி. குட்டிக்கு மூஞ்சி குட்டை, காது முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அடுத்து உடம்பு. பக்கவாட்டில் பார்த்தால் வளர்ந்த பெட்டை நீள்சதுரம், குட்டி சதுரம். கழுத்தும் குட்டிக்குக் கட்டை. மூன்றாவதாக உச்சந்தலை: பெட்டைக்குக் காதுகளுக்கு நடுவே வளைந்து உருண்டிருக்கும், பட்டன் பக்குக்குத் தட்டையாக இருக்கும். இது தூரத்திலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலர் வேண்டும். துப்பாக்கி ஸ்கோப்பை பைனாகுலராகப் பயன்படுத்தக் கூடாது. மானென்று நினைத்துப் பார்க்கும் இடத்தில் மனிதர் இருக்கலாம்.

நடத்தையும் காட்டிக்கொடுக்கும். மாலையில் வெட்டவெளிக்குத் தனியாக, முதலில், பயமில்லாமல் துள்ளி வரும் சின்ன மான் பெரும்பாலும் கிடாக் குட்டி. பெரிய பெட்டை அவசரப்படாது. மரவோரத்திலேயே நின்று காற்றை முகர்ந்து, தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் பாசாங்கு செய்து, சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். ஆகவே ஒற்றை மானைச் சுடாதீர்கள், இரண்டு மூன்று சேரும்வரை காத்திருங்கள். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாதபோது 30 கிலோ குட்டி 60 கிலோவாகத் தெரியும். பனியில் ஒற்றையாக நிற்கும்போது இன்னும் பெரிதாகத் தெரியும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தில் நெற்றியின் குமிழ் தெரியாது. பெட்டை எடுக்கப் போகிறவர் நல்ல வெளிச்சத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

கிடாவுக்கு வயது பார்க்கும் முறை

கொம்பைப் பார்த்து வயது சொல்கிறவரை நம்பாதீர்கள். நல்ல தீனி கிடைக்கும் சோள வயல் ஓரத்தில் ஒன்றரை வயதுக் கிடாவுக்கே 8 கிளைகள் வந்துவிடும், மலைக்காட்டில் இரண்டரை வயதுக்கு நான்குகூட வராது. உடம்பைப் பாருங்கள், அப்புறம் கொம்பைப் பாருங்கள். கொம்பை முதலில் பார்த்தால் கை நடுங்கும், கண் வேறெதையும் பார்க்காது.

ஒன்றரை வயது: பெட்டையின் தலையில் யாரோ கொம்பை ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். கால்கள் உடம்புக்கு நீளம், கழுத்து மெலிவு, இடுப்பு ஒடுக்கம். கொம்பின் விரிவு காதுகளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டரை: இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தோள் கொஞ்சம் தேறியிருக்கும், இணைசேரும் பருவத்தில் கழுத்தும் சற்றுப் பருக்கும், கொம்பும் பார்க்க அழகாகிவிடும். ஆனால் கால் இன்னும் நீளமாகவே தெரியும், வயிறு மேலேறி இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

மூன்றரை: மார்பு ஆழமாகி, கழுத்து நன்றாகப் பருத்திருக்கும். என்றாலும் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு தெரியும். முதுகு நேர், வயிறு இறுக்கம்.

நாலரையும் அதற்கு மேலும்: கழுத்து நேராக மார்புக்குள் இறங்கிவிடும். இடுப்பும் மார்பும் ஒரே கனம். உடம்பு பருத்ததால் கால் குட்டையாகத் தெரியும். பின்னங்கால் முட்டியின் உள்பக்கச் சுரப்பி கறுத்து, கறை காலில் கீழே வழிந்திருக்கும். ஐந்தரைக்கு மேல் வயிறும் முதுகும் தொய்யத் தொடங்கும்.

ஒன்றரை வயதில் ஒரு கிடா தன் முழுக் கொம்பு வளர்ச்சியில் கால் பங்கைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். முழு வளர்ச்சி ஐந்து, ஆறு வயதை ஒட்டி வரும். எனவே பெரிய கிடா வேண்டும் என்றால் செய்ய வேண்டியது ஒன்றே: ஒன்றரை, இரண்டரை வயதுகளை விட வேண்டும். புதியவருக்கு எல்லா வயதும் தேவையில்லை. ஒன்றரையைத் தவறாமல் அடையாளம் காணத் தெரிந்தாலே வேலை முக்கால் முடிந்தது.

இதிலே இரண்டு மாயைகள். ஒன்று, 'கொம்பு கோணலாக இருக்கிறது, இதைக் கழித்தால் வம்சம் திருந்தும்' என்பது. அடைத்து வளர்த்த மான்களில் கொம்பின் அளவு ஓரளவு பரம்பரையாக வருகிறது என்று டெக்சாஸின் கெர் வனவிலங்குப் பகுதியில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வேலியில்லாத காட்டில் பாதிப் பரம்பரை பெட்டை வழியாக வருகிறது, எந்தப் பெட்டை நல்ல வம்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தெற்கு டெக்சாஸில் ஆண்டுக்கணக்காகக் கிடாக்களைக் கழித்துப் பார்த்த ஆய்விலும் கொம்பு பெரிதாகவில்லை. 'களையெடுக்கிறேன்' என்பது பல நேரம் இளம் கிடாவைச் சுட ஒரு சாக்கு.

இன்னொன்று, 'நான் விட்டால் இதே மான் என் நிலத்திலேயே பெரிதாகும்' என்ற நம்பிக்கை. கிடாக்களில் பாதிக்கும் மேல் ஒரு வயதை ஒட்டிப் பிறந்த இடத்தைவிட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகின்றன. வசந்தத்தில் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும் தாயே விரட்டிவிடும். இலையுதிர்காலத்தில் பெரிய கிடாக்களின் தொந்தரவு. தாய் இல்லாத குட்டி தங்கிவிடுவதன் காரணம் இதுதான். வளர்ந்த கிடா சுற்றும் பரப்பு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், அல்லது அதற்கும் மேல். 20 ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக மான் வளர்க்க முடியாது. பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி, எல்லோரும் ஒன்றரை வயதை விடுவது என்று ஒத்துக்கொண்டால்தான் பலன். 'நான் விட்டால் பக்கத்துக்காரன் சுடுவான்' என்று அந்தப் பக்கத்துக்காரரும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு காபிக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நோய்ப் பகுதியில் கணக்கு மாறும்

மேலே சொன்னதெல்லாம் நலமான மான் கூட்டத்துக்கு. க்ரானிக் வேஸ்டிங் நோய் இருக்கும் பகுதியில் 'கிடாவை முதிரவிடு' என்ற அறிவுரையே கேள்விக்குரியது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த மூளை நோய் பென்சில்வேனியாவில் 2012-இல் தெரியவந்தது. மருந்து கிடையாது, தொற்றிய மான் பிழைக்காது. வளர்ந்த கிடாக்களிடம் இது பெட்டைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. அவைதான் தூரம் போய்ப் பரப்பவும் செய்கின்றன. அங்கே இளம் கிடாவையும் எடுப்பதில் தப்பில்லை.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. என்றாலும் நோயுள்ள பகுதி மானைச் சோதித்த பிறகே சாப்பிடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். சமைத்தாலும் இந்த நோயைத் தரும் புரதம் அழியாது, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் சரி. மானின் தலையைப் போட்டுச் சோதனைக்கு அனுப்பப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை கறியைத் தனியாக, பெயர் எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். மூளை, முதுகுத்தண்டு பக்கம் போக வேண்டாம். தலைக்கறிப் பிரியர்கள் மன்னிக்க. மெலிந்து, எச்சில் ஒழுக, தள்ளாடும் மானைக் கண்டால் சுடும் முன் கேம் கமிஷனைக் கூப்பிடுங்கள்.

மான் முன்னால் நிற்கும்போது

வீட்டில் எழுதிக்கொண்டது ஒரு வரியாக இருக்கட்டும். உதாரணமாக: 'முதல் மூன்று நாள் வளர்ந்த பெட்டை மட்டும், இரண்டு பெட்டை கிடைத்த பிறகு கிடா, அதுவும் மூன்றரைக்கு மேல், கடைசி இரண்டு நாள் எந்தப் பெட்டையும்.' ஒவ்வொருவருக்கும் இது வேறாக இருக்கும். முதல் மானைத் தேடும் பதினைந்து வயதுப் பையனிடம் போய் நாலரை வயதுக்குக் காத்திரு என்று சொல்வது அநியாயம். சட்டத்துக்கு உட்பட்ட எந்த மானும் அவனுக்கு நல்ல மான்தான். பிறர் சுட்ட கிடாவைப் பார்த்து 'இன்னும் ஒரு வருஷம் விட்டிருக்கலாமே' என்று சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சுடும் முன் கேட்க வேண்டியவை: என்ன மான் என்று உறுதியா? பின்னால் மண்மேடு இருக்கிறதா, அல்லது வீடா, சாலையா? வேறு மான் அதே கோட்டில் நிற்கிறதா? பக்கவாட்டில் நின்று முன்னங்காலுக்குப் பின்னுள்ள நெஞ்சுக்கூடு தெரிகிறதா? ஒன்றுக்கு 'தெரியவில்லை' என்று பதில் வந்தாலும் விரலை எடுத்துவிடுங்கள்.

சுட்ட பிறகு

இடத்தை விட்டு நகர்த்தும் முன் சீட்டை நிரப்பி மானில் கட்டுங்கள், 10 நாளுக்குள் கேம் கமிஷனுக்கு அறிவியுங்கள். அடுத்த ஆண்டு எத்தனை பெட்டை உரிமம் என்பதற்கான கணக்கில் அதுவும் சேர்கிறது. கிளைகளைத் தப்பாக எண்ணிவிட்டால் மறைக்காமல் உடனே தெரிவியுங்கள். தண்டம் சிறிது, மறைத்தால் பெரிது. குடலை உடனே எடுத்து, உடம்பைத் திறந்து குளிரவிடுங்கள். ஃப்ரிட்ஜ் குளிரில் சில நாள் தொங்கவிட்டால் தொடைக்கறி இளகும். மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், முழுவதும் நீக்கிவிட்டு நல்லெண்ணெயில் மிளகு வறுவல் போடுங்கள். ஃப்ரீசர் நிறைந்தும் உரிமம் மிச்சம் இருந்தால், 1991 முதல் இங்கே இயங்கும் 'ஹண்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட்' திட்டம் மான்கறியைத் தானமாகப் பெற்று உணவு வங்கிகளுக்குக் கொடுக்கிறது.

கடைசியாக, கீழ்த்தாடையைத் திறந்து கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். முன்னிருந்து மூன்றாவது பல்லில் மூன்று முகடு இருந்தால் அது பால்பல்: குட்டி, இல்லையென்றால் ஒன்றரை வயது. ஒன்றரை வயதில் அந்தப் பல் நன்றாகத் தேய்ந்திருக்கும், அல்லது கீழிருந்து இரண்டு முகடுள்ள புதுப்பல் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் தேய்மானத்தை வைத்து வயது சொல்லும் முறையை நியூயார்க்கில் மான் ஆய்வாளர் சிவரிங்ஹவுஸ் 1949-இல் எழுதிவைத்தார். வயது ஏற ஏற அதில் பிழையும் ஏறும். தாடையைக் கழுவிக் காயவைத்து, தேதி, எடை, சுடும் முன் நீங்கள் கணித்த வயது மூன்றையும் அதிலேயே எழுதி வையுங்கள். கணித்ததும் பல் சொல்வதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அடுத்த சீசனுக்கு முன் எடுத்துப் பாருங்கள்.